கடல் மட்டத்து எண்

மே 29, புதன்

காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர் கீழே விழுந்தது. சுவரிலிருந்து கழற்றி மேசைக்கு மாற்றும்போது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டது, தட்டினாலும் அசையவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். புதியது கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டும்.

இந்த மலைக்கு வந்து ஏழு வாரம். சொந்தமாக ஒரு மேசை, ஒரு சாவிக்கொத்து. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அம்மா ஊரில் எல்லோரிடமும் நான் டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். நான் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்ப் பிரிவில், நோயாளிமேல் படும் எக்ஸ் கதிரை அளப்பவள். நோயாளியைத் தொடுவதில்லை.

ஜூன் 3, திங்கள்

கதிர் மெஷினுக்குள் ஒரு பாகம் பழுது. மூன்று நாளாகச் சிகிச்சை இல்லை. கோவையிலிருந்து வந்த என்ஜினியர் புதியதைப் பொருத்திவிட்டு மதியமே மலை இறங்கிவிட்டார். பாகம் புதிது என்பதால் பழைய அளவுகள் செல்லாது. முதலிலிருந்து அளக்க வேண்டும். அது என் வேலை.

தண்ணீர்த் தொட்டி. தண்ணீருக்குள் விரல் நுனி அளவில் ஒரு சின்ன அறை. அறைக்குள் வெறும் காற்று. கதிர் அந்தக் காற்றைக் கிழித்துப் போகும். கிழிந்ததை எண்ணினால் கதிரின் அளவு தெரியும். காற்று சூடாக இருந்தால் ஒரு திருத்தம், அழுத்தத்துக்கு ஒரு திருத்தம்.

பெனடிக்ட் கதவுக்குள் தலையை நீட்டினார். மெஷினை ஓட்டும் டெக்னீஷியன். பதினாறு வருடமாக இங்கே இருப்பவர்.

"மேடம், வெளிய ஒரு அம்மா மூணு நாளா அதே புடவையில உக்காந்திருக்கு. நாம என்ன ராக்கெட்டா விடுறோம்?"

"பத்து நிமிஷம்."

"இதையேதான் என் பொண்டாட்டி கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சொல்லுவா."

வெப்பம் 22. அழுத்தம் 1009. மெஷின் பன்னிரண்டு சதவீதம் குறைவாகக் கொடுப்பதாக வந்தது. கூட்டி வைத்தேன். மறுபடி அளந்தேன். நூற்றுக்கு நூறு.

நாலரைக்கு முதல் நோயாளி உள்ளே போனார். நன்றாகத் தூக்கம் வரும் இன்றைக்கு.

ஜூன் 6, வியாழன்

இன்று இருவர் புதிதாகத் தொடங்கினார்கள். ராபியா பீவி, மார்பகம், இருபத்தைந்து நாள். சிவஞானம், குரல்வளை, முப்பத்து மூன்று நாள்.

சிவஞானத்துக்கு ஐம்பத்தேழு வயது. தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. ஆறு வயதில் தாய் தகப்பனோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். தினமும் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும் தொழிலாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலை பிரித்து அனுப்புவது அவர் வேலை. நூற்று நாற்பது பேர். ஏடு பார்ப்பதில்லையாம். குரல் கம்மியது சளி என்று நான்கு மாதம் கஷாயம் குடித்திருக்கிறார். குரல்நாணில் நெல்லளவு கட்டி.

எங்கள் பிரிவின் டாக்டர் ரூபவதி அவரிடம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "கத்தி வெச்சா குரல் போயிடும். கரண்ட் வெச்சா குரல் தங்கும். சின்னதா இருக்கும்போதே வந்தீங்க."

இங்கே எல்லோரும் கதிர்ச் சிகிச்சையைக் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறது. மின்காந்த நிறமாலை. இடது ஓரத்தில் ரேடியோ அலை, அகன்ற மடிப்புகளாக. பிறகு நுண்ணலை, அகச்சிவப்பு. நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வானவில். அதைத் தாண்டிப் புற ஊதா, எக்ஸ், காமா. வலது ஓரத்தில் கோடுகள் நெருங்கி நெருங்கி ஒரே கறுப்பாகிவிடுகின்றன. சிவஞானம் அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்.

"நம்ம கரண்டு இதுல எங்க இருக்கு தாயி?"

வலது பக்கம் காட்டினேன்.

"ரேடியோ?"

"அது அந்தக் கோடி."

"ரெண்டும் ஒரே சாமானா?"

"ஒரே அலைதான். நீளம் வேற. ரேடியோ அலை வீட்டளவு இருக்கும். இது அணுவைவிடச் சின்னது."

வானவில்லின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். முழுக்க மறைந்துபோனது. "நம்ம கண்ணுக்கு எழுதி வெச்சது இம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப நான் பெரட்டுல போடற சத்தம்?"

"அது வேற வகை. சத்தத்துக்குக் காத்து வேணும். காத்தைத் தள்ளித் தள்ளித்தான் போகும். இதுக்கு எதுவும் வேண்டாம். ஒண்ணுமே இல்லாத வெளியிலயும் போகும்."

"ஆளில்லாத மலையிலயும் வேலை வாங்குற கங்காணி." சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அவர் மனைவி பாக்கியம் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், "இப்பிடித்தான் புள்ள, வாயை மூடச் சொன்னாத்தான் அதிகமாப் பேசுவாரு" என்றார்.

ஜூன் 10, திங்கள்

வாராந்திரச் சோதனை. அழுத்தம் 1007. எல்லாம் ஒத்துப்போகிறது.

மழை பிடித்துவிட்டது. துணி காய்வதில்லை. ஈர வாசனையோடு வேலைக்குப் போகிறேன்.

ஜூன் 15, சனி

எக்ஸ் கதிரும் மாலை வெயிலும் ஒன்றே. இதைப் படித்த முதல் நாள் தூக்கம் வரவில்லை. பெயர்கள் நாம் போட்ட வேலி. அலைக்கு வேலி தெரியாது. நீளம் குறைந்துகொண்டே போகிறது, ஓரிடத்தில் சூடாக்குகிறது, ஓரிடத்தில் நிறமாகிறது, ஓரிடத்தில் உடைக்கிறது. எந்த இடத்தில் அது இரக்கம் இழக்கிறது என்று கல்லூரி நோட்டில் எழுதியிருந்தேன். அபத்தம். அளவு மட்டுமே உண்டு.

ஜூன் 20, வியாழன்

அட்டை கடித்தது. உப்பு.

ஜூன் 24, திங்கள்

சிவஞானத்தின் கழுத்து சிவந்திருக்கிறது. பதின்மூன்றாம் நாள். கொஞ்சம் சீக்கிரம். ஆனால் அவர் மழைக்கு நடுவே வெயில் வரும்போதெல்லாம் தோட்டத்தில் நிற்பவர். காலர் உரசும். ஆளுக்கு ஆள் தோல் வேறு.

சோதனை: அழுத்தம் 1008. ஒத்துப்போகிறது.

ஜூன் 28, வெள்ளி

தொண்டைக்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஐந்து பேரில் நான்கு பேர் கஞ்சிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் ரூபவதி மதியம் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஹெப்சி, அவுட்புட் சரியா இருக்கா?"

"திங்கக்கிழமைகூடப் பார்த்தேன் டாக்டர். அரை சதவீதத்துக்குள்ள இருக்கு."

"இல்ல, ரியாக்‌ஷன் கொஞ்சம் முன்னாடியே வருது. இந்த ஊர்க்காரங்க வெத்தலை பாக்கு போட்டுப் போட்டு வாயெல்லாம் முதல்லயே வெந்து கிடக்கு. அதுவா இருக்கும்."

"அதுவா இருக்கும் டாக்டர்."

அவர் சொன்ன காரணத்தைத்தான் நானும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஜூலை 3, புதன்

சிவஞானத்துக்கு இன்று குரலே வரவில்லை. காற்று மட்டும். பாக்கியம் மொழிபெயர்க்கிறார். "எம்பேரைக் கூப்பிடறதுக்கே கைதட்டுறாரு புள்ள. நாப்பது வருசத்துல இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது எதிர்பார்த்ததே. முடிந்து ஒரு மாதத்தில் குரல் திரும்பும். அப்படித்தான் பாடப் புத்தகத்தில்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று கோவையில் வகுப்புத் தோழி திருமணம். இன்று பகல் பஸ்ஸில் திரும்பினேன்.

அடிவாரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. சிப்ஸ் பொட்டலம் ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பசி இல்லை. வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மஞ்சள் பலகையில் எண். ஐந்தாவது வளைவில் காது அடைத்தது. ஒன்பதாவது வளைவில் பொட்டலம் மடியில் தலையணை மாதிரி புடைத்து நின்றது.

பக்கத்து இருக்கையில் பூக்கூடையோடு ஒரு பெண். "ஊக்கு இருந்தா ஒரு குத்து குத்தி வை பாப்பா. வெடிச்சிரும். மேல போகப் போக இப்பிடித்தான் உப்பும்."

மேலே போகப் போக.

போனை எடுத்தேன். வானிலைப் பக்கம். காற்றழுத்தம் 1008. காலையில் கோவையில் பார்த்ததும் 1008.

பொட்டலம் உப்புகிறது, எண் அசையவில்லை.

வானிலைக்காரர்களுக்கு ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட வேண்டும். அதனால் எல்லா ஊரையும் கடல் மட்டத்துக்கு இறக்கி எழுதுகிறார்கள். அந்த எண் இந்த மலையின் எண் அல்ல. மலையே இல்லாதிருந்தால் இங்கே இருந்திருக்கக்கூடிய எண். சென்னையில் படித்தபோது சுவரில் தொங்கிய பாரோமீட்டருக்கும் போனுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இருக்காது. அவசரத்துக்குப் போனைப் பார்த்தே எல்லோரும் எழுதுவோம். அங்கே கடல் இரண்டு கிலோமீட்டரில் இருந்தது.

இங்கே பாரோமீட்டர் உடைந்த பிறகு நான் போனைப் பார்த்தேன். ஜூன் 3 அன்றும். அதற்குப் பிறகு எல்லாத் திங்கட்கிழமையும்.

மலைக் காற்று மெலிது. கருவியின் சின்ன அறைக்குள் காற்று குறைவு. கிழிபடக் காற்று குறைவாக இருந்ததால் கருவி குறைத்துக் காட்டியது. மெஷின்தான் குறைவாகக் கொடுக்கிறது என்று நம்பி நான் மெஷினைக் கூட்டி வைத்தேன். மெஷின் சரியாகவே இருந்தது.

மலையின் உயரத்தை வைத்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பஸ் ஆடியதில் எழுத்து கோணியது. விடை கோணவில்லை. நூறு கொடுக்க வேண்டிய இடத்தில் நூற்றுப் பதின்மூன்றரை. ஐந்து வாரமாக. எல்லோருக்கும்.

ஒளிக்குக் காற்று வேண்டாம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அதை அளக்கும் எனக்கு வேண்டும்.

இரண்டாம் பருவத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. மலைப் பகுதியில் கவனிக்க வேண்டியது என்ன? எழுதியிருக்கிறேன். பத்துக்குப் பத்து.

பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். பெனடிக்ட் அப்போதுதான் விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போனில் அழுத்தத்தை நேரடியாக உணரும் சில்லு இருக்கிறது, மலையேற்றக்காரர். கேட்டேன்.

"எதுக்கு மேடம்?"

"சும்மா."

889.

அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தொட்டியை நிரப்பினேன். அளந்தேன். பஸ்ஸில் வந்த அதே எண். மெஷினை இறக்கிப் பழைய இடத்தில் வைத்தேன். குறிப்பேட்டில் "வழக்கமான சரிசெய்தல்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எட்டரைக்குச் சிவஞானம் வந்தார். வணக்கம் சொன்னேன். இன்று அவருக்கு விழுந்தது சரியான அளவு.

இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட நினைத்திருந்தேன். அவர் மதியம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். பிறகு கிளம்பிவிட்டார்.

ஒன்று சரியாக எழுத வேண்டும். புதிய பாரோமீட்டர் கேட்டு நான் எழுதிக்கொடுக்கவே இல்லை. அந்தப் படிவத்தில் "சேதமானது எப்படி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் கையிலிருந்து நழுவியது. தகுதிகாண் காலத்தில் இரண்டாம் மாதம். பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பட்டியல் போட்டேன். பத்தொன்பது பேர். ஏழு பேருக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு விழுந்தது விழுந்ததுதான். பன்னிரண்டு பேருக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு பேருக்கு இன்னும் வழி இருக்கிறது. கூடுதலாக விழுந்ததை மீதி நாட்களில் கழிக்கலாம். சிவஞானத்துக்கு முப்பத்து மூன்று நாளில் இருபத்திரண்டு முடிந்தபோதே இருபத்தைந்து நாள் அளவு விழுந்துவிட்டது. ஆகவே பதினொன்றுக்குப் பதில் இன்னும் எட்டே நாள். இந்த மாதம் பதினேழாம் தேதி அவருக்கு நிறுத்த வேண்டும். நிறுத்த டாக்டர்தான் சொல்ல முடியும். டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மெஷினை நான் சரிசெய்துவிட்டேன் என்பது எதையும் சரிசெய்யவில்லை.

மாலை, பெனடிக்ட் மேசை ஓரமாக நின்றார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"நேத்து மெஷின்ல கை வெச்சீங்கல்ல மேடம்."

"ஏன் கேக்கறீங்க?"

"நான் கேக்கல. கேட்டா எனக்கும் தெரிஞ்சதா ஆயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க படிக்குது." கதவு வரை போனார். "ஆனா என்ன பண்ணணும்னு நீங்க கேட்டா சொல்லுவேன். சீக்கிரம் கேளுங்க."

ஜூலை 10, புதன்

ராபியா பீவிக்கு இன்று கடைசி நாள். இருபத்தைந்து. வீட்டிலிருந்து தம்ரூட் இனிப்பு செய்து தூக்குவாளியில் கொண்டுவந்தார். நர்ஸ்கள், பெனடிக்ட், எல்லோருக்கும் இலையில் வைத்துக் கொடுத்தார். எனக்கு இரண்டு துண்டு.

"கண்ணாடி வழியா உங்களத்தான் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன் டாக்டரம்மா. ஒரு தைரியம்."

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அதையாவது சொன்னேன்.

அவருக்கு ஐந்தாம் தேதியே முடிந்திருந்தது. இருபத்தைந்து நாள் அளவும் அன்றே விழுந்துவிட்டது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் தேவையில்லாதவை. முதல் இருபத்திரண்டு நாள் நான் அறியாமல் நடந்தது. இந்த மூன்று நாள் அறிந்து நடந்தது.

தம்ரூட்டைத் தின்றேன். நெய் கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஜூலை 11, வியாழன்

டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் காற்றைப் பற்றி. கிழித்தேன்.

அம்மா போன்.

"ஏட்டி, சாப்டியா?"

"சாப்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"இட்லி."

"மத்தியானத்துலயா இட்லி? குரல் ஏன் ஒருமாதிரி இருக்கு?"

"இங்க டவர் சரியில்லம்மா."

டவர் நன்றாகவே இருந்தது. ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் என் பொய், அலையாக, மலை இறங்கி அவள் காதுக்குப் போனது. ஒரு எழுத்தும் குறையாமல்.

ஜூலை 12, வெள்ளி

சிவஞானம் படி ஏறும்போது நின்று நின்று ஏறினார். மூச்சு உள்ளே போகும்போது மெலிதாக விசில்போல ஒரு சத்தம். டாக்டர் பார்த்து ஊசி எழுதிக்கொடுத்தார். ராத்திரி மூச்சு முட்டினால் உடனே வரச் சொன்னார். இருபத்தேழாம் நாளும் வைத்தார்கள்.

நான் அங்கேயே நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் இடையே ஒரு கை தூரம் இருந்தது.

திங்கட்கிழமை சொல்வேன்.

ஜூலை 15, திங்கள்

அலமாரியில் சிவஞானத்தின் வலை முகமூடி, சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிப்பது. அவர் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் தோட்டத்து லாரியில் கொண்டுவந்திருக்கிறார்கள். குரல்வளை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். மூச்சு இப்போது குழாய் வழியாகப் போகிறது. குரல்நாணைத் தொடாமல். சத்தம் இல்லை.

டாக்டர் ரூபவதி அவருடைய ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பாவம். வீக்கம் வடியட்டும், ஒரு வாரம் பொறுத்து மீதி ஆறையும் வெச்சிருவோம். பாதியில விட்டா நோய் திரும்பிடும்."

கதவைச் சாத்தினேன்.

"ஆறு வைக்கக் கூடாது டாக்டர்."

சொன்னேன். நின்றுகொண்டே. பாரோமீட்டர், போன், கூட்டி வைத்தது, பதின்மூன்றரை. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு பக்கக் கடிதம் எதற்கு என்று தோன்றியது.

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். கழற்றி மாட்டினார்.

"எந்தத் தேதியிலேர்ந்து?"

"ஜூன் மூணு."

"எத்தனை பேர்?"

"பத்தொன்பது." பட்டியலை வைத்தேன். ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே போனார். ராபியா பீவி பெயரில் நின்றார்.

"நீ எப்போ கண்டுபிடிச்ச?"

"ஏழாம் தேதி."

"இன்னைக்கு என்ன தேதி ஹெப்சி?"

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"ஜூன்லயே உங்கிட்ட கேட்டேன். நீ சரின்னே. நானும் வெத்தலை பாக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்." திரும்பினார். "தப்பு யாருக்கும் வரும். எட்டு நாள் வராது."

மெஷினை மூடிவிட்டார்கள். மும்பையில் இருக்கும் கதிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிக்கை போகிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து அளந்த பிறகுதான் திறக்கும். என் சாவிக்கொத்தை பெனடிக்ட் வாங்கிக்கொண்டார். "அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

ஜூலை 16, செவ்வாய்

இன்னும் சிகிச்சையில் இருக்கும் எல்லோருடைய கணக்கையும் டாக்டரும் நானும் காலையில் திருத்தி எழுதினோம். சிவஞானத்துக்கு இனி வேண்டாம் என்று முடிவாயிற்று. துளை மூடலாம். மூடாமலும் போகலாம். குரலும் அப்படியே.

"பேஷண்ட் ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"இவர்கிட்ட நான் சொல்றேன்."

யோசித்தார். "கூட நான் வருவேன். காரணம் சொல்லாத. நடந்ததைச் சொல்லு."

ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். சிவஞானம் தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் குழாய், அதைச் சுற்றி ஈரத்துணி. மடியில் கோடு போட்ட நோட்டு, பென்சில். பாக்கியம் என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மெஷின்லேர்ந்து எவ்வளவு வருதுன்னு அளக்கறது என் வேலை. நான் தப்பான எண்ணைப் போட்டு அளந்துட்டேன். முதல் இருபத்திரண்டு நாளும் உங்களுக்கு வைக்க வேண்டியதைவிடக் கூடுதலா விழுந்திருக்கு. எட்டு வைக்கிற எடத்துல ஒம்பது."

சிவஞானத்தின் கண் என் முகத்தில் இருந்தது. பாக்கியம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார்.

"கூடுதலா வெச்சா நோவு சீக்கிரம் போயிருமில்ல புள்ள?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுக்குத் தயாராக வந்திருந்தேன்.

"அப்பிடி இல்லம்மா. நோய்க்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். மீதி நல்ல சதையைத்தான் எரிக்கும்."

"அப்ப இந்தத் தொளை? அதனாலதானா?"

"இருக்கலாம். சரியான அளவு வெச்சாலும் சில பேருக்கு இப்பிடி வீங்கும். எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"பெரிய டாக்டராலயும்?"

"யாராலயும் முடியாதும்மா" என்றார் டாக்டர்.

அது உண்மை. பதின்மூன்றரை சதவீத வீக்கம் தனி நிறத்தில் வருவதில்லை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளவும் முடியும். ஆயுள் முழுக்க.

சிவஞானம் பென்சிலை எடுத்தார். கட்டை கட்டையான எழுத்து. நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

உனக்கு எப்ப தெரியும்

"ஒம்பது நாள் ஆச்சு. ஞாயித்துக்கிழமை."

விரலை மடக்கி எண்ணினார். மறுபடி எழுதினார். இந்த முறை மெதுவாக, பென்சில் முனை தாளில் பதியும்படி.

திங்கள் வணக்கம் சொன்ன

"ஆமா."

நோட்டை மூடிப் பென்சிலை அதன்மேல் வைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குழாய் வழியாக மூச்சு வந்து போகும் சத்தம். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். பாக்கியம் கை நீட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை. வாசலில் வந்த ஆளிடம் அப்புறம் வரச் சொல்வதுபோல.

"நீங்க போங்க. எங்க ரெண்டு பேருக்கும் பேச வேண்டியது இருக்கு."

டாக்டர் அடுத்த பெயரைப் பார்க்கக் கீழே இறங்கிவிட்டார். நான் தாழ்வாரத்தில், வார்டுக் கதவுக்கு வெளியே, சுவரோடு நின்றேன்.

உள்ளே பாக்கியத்தின் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. சொன்னார், நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கில்ல" என்றார். மறுபடி நிறுத்தினார். இந்த முறை நீண்ட இடைவெளி, ஒருவர் நிதானமாகப் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு. பிறகு, "சரி, நீங்க சொல்ற மாதிரியே செய்வோம்."

அந்த இடைவெளிகளில் என் காதுக்கு எதுவும் வரவில்லை.